வெண்கட்டி

ஐஸ்பெட்டி அவளுடையது.
வாய் என்னுடையது.
இரண்டு பாஷையும் பேசுகிற வாய்க்கு
நாளுக்கு இருநூறு ரூபா,
மத்தியானம் பாணும் பருப்பும்.

ஜம்பட்டா வீதியில் முதல்நாள்
எல்லாம் லேசாய்த்தான் போனது.
பள்ளிக்கூட மண்டபம், வாங்கு நிறையத் தாய்மார்,
நாடியைப் பிடித்து
ஆ காட்டு, ஆ காட்டு,
இளஞ்சிவப்பில் இரண்டு துளி.
துப்பினவனுக்கு மறுபடி இரண்டு.
போலியோ என்ற சொல்லுக்கு
மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.

விடுபட்ட பிள்ளைகளைத் தேடின நாளில்தான்
லொட்ஜின் படி ஏறினோம்.
மூன்றாம் மாடி. பதினொன்றாம் அறை.
உள்ளே ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது.
தட்டினோம்.
அழுகை பாதியில் அறுந்தது.

தானாக நிற்கிற அழுகை வேறு
பொத்தப்படுகிற அழுகை வேறு.

"அக்கா, பொலிஸ் இல்லை. மருத்துவிச்சி மிஸ்.
பிள்ளைக்குச் சொட்டுமருந்து."
சாவித்துவாரத்துக்குச் சொன்னேன், தமிழில்.
தமிழில் சொன்னால் மட்டும் என்ன?
சாக்கு மூடின தலையாட்டிக்கும் அதுதானே பாஷை.
போன கிழமை பதிவுத்துண்டு கேட்டு வந்தவர்களோடும்
என்னைப்போல ஒருத்தன் வந்திருப்பான்.

பிரேமசீலி மிஸ் குனிந்தாள்.
புதிய சுகாதார அட்டை ஒன்றைக்
கதவின் கீழால் தள்ளினாள்.
தள்ளிவிட்டு
ஐஸ்பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்,
பஸ்ஸுக்கு நிற்கிறவள்போல.

எவ்வளவு நேரம் என்று தெரியாது.
கீழால் வேறொரு அட்டை வெளியே வந்தது.
தண்ணீர் பட்டுக் காய்ந்தது.
சாவகச்சேரி ஆஸ்பத்திரி முத்திரை.
பெயர்: கோபிசாந்த்.
தாய்: யோகசோதி.
தகப்பன் என்ற இடத்தில் ஏதோ எழுதி
பிறகு அழித்திருந்தது.
முதலாம் ஊசி, இரண்டாம் ஊசி.
மூன்றாவது கட்டம் வெறும் கட்டம்.
அந்த மாதம் ஊர் முழுக்க
மழையில் நடந்துகொண்டிருந்தது.

சங்கிலி விட்ட அளவுக்குக் கதவு திறந்தது.
அந்த இடைவெளிக்குள் ஒரு முகம்,
மூக்குச்சளியோடு.
மிஸ் சிங்களத்தில் ஆ என்றாள்.
அவன் தமிழில் ஆ என்றான்.
விழுந்தது இரண்டு துளி.

பிறகு வழமைபோல வெண்கட்டியை எடுத்து
கதவில் எழுதினாள்: ஒன்று, ஒரு சரி.

சங்கிலி கழன்றது.
முதல் தடவையாக வெளியே வந்தாள் யோகசோதி.
எங்களைப் பார்க்கவில்லை.
உள்ளங்கையில் எச்சில் தொட்டு
எண்ணை அழித்தாள். சரியை அழித்தாள்.
மரத்தின் நிறம் தெரியும்வரை அழித்தாள்.

மிஸ் என் வாயைப் பார்த்தாள்.

எண்பத்துமூன்றில்
வீட்டிலக்கம் எழுதின தாளோடு வந்தார்கள் என்பதற்கு
சிங்களத்தில் எனக்கு எல்லாச் சொல்லும் தெரியும்.
வீடு. இலக்கம். தாள். நெருப்பு.
கோர்க்கத்தான் வரவில்லை.
"அடையாளம் வேண்டாமாம், மிஸ்" என்றேன்.

அவளுக்கும் அப்போது
பதினாறோ பதினேழோ வயதிருக்கும்.
மருதானையில் பிறந்தவள்.
வெண்கட்டியைக் கைப்பைக்குள் போட்டாள்.
கைப்பையைப் பூட்டினாள்.

மிச்ச அறைகளைச் செருப்புகளால் ஞாபகம் வைத்தோம்.
பன்னிரண்டு, நீல பாட்டா.
பதினாலு, வார் அறுந்தது.

அடுத்தநாள் மேலதிகாரி கேட்டார்:
கதவுகளில் ஏன் ஒன்றுமில்லை?
"மழை, சேர்."
"மூன்றாம் மாடிக்குள்ளேயா?"
"ஓம், சேர்."
நான் அதை மொழிபெயர்க்கவேண்டி இருக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து இரண்டாம் சுற்று.
பதினொன்றில் மட்டக்களப்பு வியாபாரி ஒருவர்,
கட்டில் நிறையச் சாரம்.
பிள்ளையா? இங்கே பிள்ளை ஏது?

வத்தளையோ, வெள்ளவத்தையோ,
விமானமோ, நாலாம் மாடியோ.
பிறகு போன எல்லா லொட்ஜிலும்
மிஸ் தானே கேட்டாள், என்னை விடாமல்,
"கோப்பிசாந்து, கோப்பிசாந்து" என்று
பிழையாக, உரக்க.

கடைசி நாள் பதிவேட்டை மூடும்போது பார்த்தேன்.
வராத பிள்ளைகளுக்குச் சிவப்புக் கோடு.
அவனுடைய கட்டத்தில் மட்டும்
பென்சிலால் ஒரு புள்ளி,
அழிக்கக்கூடிய மாதிரி.